நூறு வீதம்

நேற்று இரவு கடை பூட்டும்போது
"நிறுத்த வேண்டாம்" என்றது நீலத் திரை.
நிறுத்தவில்லை.
கரண்ட் பில்லையும் நினைக்காமல் வீட்டுக்குப் போனேன்.

காலையில் "வணக்கம்" சொன்னது.
பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

மல்லாவிச் சந்தி, எட்டரை மணி.
லமினேற்றிங் மெசின் சூடாகிவிட்டது.
கொம்பியூட்டரில் மட்டும்
வட்டம் சுற்றுகிறது, மாடில்லாத செக்கு.
டிஸ்க் நூறு வீதம்.
ஒரு வேலையும் செய்யாமல் நூறு வீதம்;
கந்தோர்களில் இப்படிப் பலரைக் கண்டிருக்கிறேன்.

கிளிநொச்சியிலிருந்து சஜீபன் போனில் சொல்கிறான்:
"அப்டேற்றில பிழையில்லை அக்கா, டிஸ்க் பழசு.
புதுசு போடுங்கோ, பதினையாயிரம்."
ஒரு கொப்பியில் எனக்கு மிஞ்சுவது மூன்று ரூபா.
ஐயாயிரம் பக்கம்.
ஐயாயிரம் அடையாள அட்டை,
காணி உறுதியில் மங்கிய முத்திரை.

முதல் ஆள் அரியரத்தினம்.
யானை அழிவுக்கு நட்டஈடு, இன்று கடைசி நாள்,
முல்லைத்தீவு பஸ் பத்தேகாலுக்கு.
வழமையில் பழைய கடிதத்தைத் திறப்பேன்,
திகதியை மாற்றுவேன்,
அவர் கையெழுத்து வைப்பார், எண்பது ரூபா.
இன்று அது திறக்கவில்லை.
ஞாபகத்திலிருந்து அடிக்கிறேன்.

"யா" என்று தட்டி,
தண்ணீர் குடித்து, போத்தலை மூடிய பிறகு
"யா" வருகிறது.
பிறகு "னை",
வேலியைச் சரித்துக்கொண்டு வருவதுபோல.

அவர் கதிரையை இழுத்துத் திரைக்குக் கிட்ட இருந்தார்.
எழுத்துக் கூட்டி வாசிக்கிற ஆளுக்கு
இந்த வேகம் சரியாக இருந்தது.

"இரண்டு ஏக்கர் கச்சான்..."
"பொறு பிள்ளை. என்ன கச்சான்?
கச்சான் முந்தின வருசம். போன வருசம் உழுந்து.
இந்தமுறை நான் ஒண்டும் விதைக்கேல்ல.
விதைநெல்லு மூட்டைக்கு வந்து
குசினிச் சுவரை இடிச்சுப்போட்டுப் போனது."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.
"போன வருசம் வந்த ஐயா
கச்சான் எங்கே, கச்சான் எங்கே எண்டு கேட்டவர்.
மனுசன் பசியில கேக்கிறாரெண்டு
கடையில வாங்கி அவிச்சுக் குடுத்தனாங்கள்."

நான் சிரிக்கவில்லை.
அழிக்கும் விசையை அமர்த்தினேன்.
கச்சான் உடனே போகவில்லை.
"ன்" போய், நின்று, யோசித்து,
"ச்சா" போய்,
"க" மட்டும் நெடுநேரம் திரையில் கிடந்தது.

பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு கடந்தது.
"பன்ரண்டுக்கு இன்னொண்டு இருக்கு" என்றார்.
"சுவரெண்டு அடி."

அவருக்குப் பின்னால் நின்ற பெண்
கைப்பையைத் திறந்தாள்.
போன மாசம் நான் அடித்துக் கொடுத்த கடிதத்தை
நாலு மடிப்பும் விரித்து
முதல் வரியிலிருந்து வாசிக்கத் தொடங்கினாள்.