கால் டேங்க்

இரவு மூன்று மணிக்கு ஹீட்டரின் விசிறி
ஒரு பெருமூச்சு விட்டு நின்றது.
சிலிண்டர் நிறைய எரிவாயு.
இருந்தென்ன?
சூட்டை அறைக்குள் தள்ளிவிட
பன்னிரண்டு வோல்ட் கை ஒன்று வேண்டும்,
அந்தக் கைக்குத்தான் உயிரில்லை.

வெளியே அரிசோனாப் பாலைவனம்.
நாய்க்கு வைத்த தண்ணீரில்
கண்ணாடி படர்ந்திருந்தது.

"சாயங்காலம் பார்த்தேனே, பன்னிரண்டு புள்ளி எட்டு"
என்றான் ஆரின், போர்வைக்குள்ளிருந்து.
ஜெனரேட்டரை அணைத்த கையோடு பார்த்த எண் அது.
ஐடெல்லா அதை நம்புவதில்லை.
பந்தியிலிருந்து எழுந்து வருகிறவனிடம்
பசியைப் பற்றிக் கேட்கிற மாதிரி.
கொஞ்சம் ஆறவிட்டுக் கேட்க வேண்டும்.
முப்பத்தொரு வருடத்தில்
வேறு சிலவற்றையும் அப்படித்தான்
கேட்கப் பழகியிருந்தாள்.

பத்து மணிக்கு மேல் ஜெனரேட்டர் கூடாது,
முகாமின் சட்டம்.
குளிருக்கு முன் சட்டமாவது.
வீட்டு பேட்டரி செத்துக் கிடந்ததால்
எஞ்சின் பேட்டரியிடம் கடன் வாங்கினான்.
ஒன்று தங்குவதற்கு, மற்றது கிளம்புவதற்கு;
ஒரே வண்டிக்குள் ஒன்றின் கணக்கை ஒன்று அறியாது.
இரண்டையும் சேர்க்க ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒரு சுவிட்ச்,
விரல் அழுத்தியிருக்கும் வரைதான் உறவு.

இருமியது, பிடித்தது.
பக்கத்து வண்டியில் யாரோ திட்டினார்கள்.
நாலு நிமிடம் ஓடி, திக்கி, அடங்கியது.
மறுபடி அழுத்தினான்.
"போதும் ஆரின்."
மறுபடி.
"அதிலும் தீர்ந்துவிடும்."
தீர்ந்தது.

நெற்றி விளக்கை மாட்டிக்கொண்டு
கையேட்டின் அறுபத்து நாலாம் பக்கத்தைப் படித்தாள்.
ஜெனரேட்டருக்குப் போகும் குழாய்
டேங்கின் அடிவரை இறங்குவதில்லையாம்.
கால் பங்குக்கு மேலேயே நின்றுவிடுமாம்.
எங்கோ ஒரு மேசையில் யாரோ
இப்படி ஓர் இரவை முன்பே நினைத்துப் பார்த்து
அந்த அளவில் நறுக்கியிருக்கிறார்கள்.
விளக்கு, ஹீட்டர், சோளம் பொரிக்கும் மைக்ரோவேவ்,
எல்லாம் முக்காலோடு முடிந்துகொள்ளட்டும்.
மிச்சம் இருப்பது கால்.
எழுந்து போக.

"கெட்டுப்போச்சா?"
"இல்லை" என்றாள்.
வேறெதுவும் வாசித்துக் காட்டவில்லை.
மார்ச் வரை இங்கேதான் என்று அவன் சொன்ன அன்று
முதலுதவிப் பெட்டியில், கட்டுத்துணிக்கு அடியில்
அவள் வைத்த நானூறு டாலர்
அங்கேயே இருந்தது.

விடியும்வரை நாயை நடுவில் போட்டுக்கொண்டு
மூவரும் ஒரே உறைக்குள்.
சூரியன் வந்ததும் அவன் கூரையேறி
சட்டைக் கையால் தகட்டின் புழுதியைத் துடைத்தான்.
துடைத்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தான்.
மன்னிப்பு என்ற சொல்லை
அவன் அப்படித்தான் சொல்வான்.

பத்தரைக்குச் சாவியை எடுத்தான்.
"இரு" என்றாள்.
பதினொன்றரைக்கு எடுத்தான்.
அவள் மீட்டரின் இரண்டு ஊசிகளையும்
பேட்டரியின் காதுகளில் வைத்து,
தகட்டுக் கம்பியைக் கழற்றிவிட்டு,
ஒரு கோப்பை ஆறிய காபி குடிக்கும் நேரம் பொறுத்து,
எண்ணைப் பார்த்தாள்.
"இப்போ."

சுவிட்சில் அவள் கட்டைவிரல்.
சாவியில் அவன் கை.
எஞ்சின் முனகி, யோசித்து, உறுமியது.
நாய் குரைத்தது.
அவள் உடனே விரலை எடுக்கவில்லை.

இருபத்திரண்டு மைல் தள்ளிப் பெட்ரோல் பங்க்.
குழாயைக் கையில் பிடித்தபடி
ஜன்னல் வழியாகக் கேட்டான், எவ்வளவு என்று.
"நிறைய."
முள் காலிலிருந்து மெல்ல எழுவதைப் பார்த்தாள்.
கட்டைவிரல் நுனியில்
சுவிட்சின் வரிகள்
இன்னும் பதிந்திருந்தன.