மூன்றாம் எண் கூண்டு

துறைமுகத்தில் மூன்றாம் எண் கூண்டு ஏற்றியதும்
கத்தரிக்குக் கழியை ஆழ ஊன்றினேன்.
ஐப்பசியில் உரம் கூடாது,
தொட்டித் துளையை ஈர்க்குச்சியால் குத்திவிடணும்,
இதெல்லாம் தேவனாம்பட்டினத்து மாடியில்
ஆறு வருஷப் பாடம்.

தெரியாதது மறுநாள்.
மழை நின்றும் கடற்காற்று ஓயவில்லை.
சாயாத செடிகள்கூட ஓரம் கருகின.
இலையை நக்கிப் பார்த்தேன்,
உப்பு.

போர்வெல்லும் உப்புதான்.
மழைநீர் பிடித்த ட்ரம் கவிழ்ந்து கிடந்தது.
வீட்டில் ஒன்றரை கேன்.

“குடிக்கிற தண்ணியையா?” என்றார் இவர்.
பழைய துணியை நனைத்து
ஒவ்வோர் இலையாகத் துடைத்தேன்.
கறிவேப்பிலைக்குப் பொறுமை இல்லை,
தெளித்து உதறினேன்.

மதியம் பார்த்தால்
இரண்டு வருஷமாகப் பூக்காத மல்லிகை முன்
குந்தியிருக்கிறார்.
கையில் அவர் டம்ளர்,
பாதி குடித்தது.