இரண்டாம் அலசல்

நான்தான் போன் செய்தேன்.
முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கேப் டவுனில் அந்தக் கோடையில்
ஆளுக்கு ஐம்பது லிட்டர்.
யார் வீட்டுக் கார் பளபளத்தாலும்
தெருவே திரும்பிப் பார்க்கும்.
என் ஹைட்ரேஞ்சியா குச்சி குச்சியாய் நின்றது,
விளக்குமாற்றைத் தலைகீழாய் நட்ட மாதிரி.
புல்தரை இருந்த இடத்தில்
தென்கிழக்குக் காற்று
மணலைச் சீவிக்கொண்டிருந்தது.
வேலிக்கு அந்தப் பக்கம்
ரூவைதா வீட்டில் டாலியா.
சிவப்பு. சாப்பாட்டுத் தட்டளவு.
கொஞ்சமும் கூச்சமில்லாத சிவப்பு.

இருபத்தாறு வருஷம் பஸ் ஓட்டியவன் நான்.
டிக்கெட் எடுக்காதவனைக்
கண்ணாடியிலேயே பிடித்துவிடுவேன்.
விளக்கை அணைத்துவிட்டு
ஜன்னலோரம் உட்கார்ந்தேன்.
பதினொன்றரைக்குச் சளசளவென்று ஒரு சத்தம்.
நிற்கும்.
மறுபடி சளசள.
தேதி, மணி, எல்லாம் குறித்துவைத்தேன்.
மூன்றாம் நாள் மாநகராட்சி எண்ணை அழுத்தினேன்.
பெயர் கேட்டார்கள்.
பக்கத்தில் இருப்பவன் என்றேன்.
அது பொய்யில்லை.

வந்தவன் சின்னப் பையன்,
லுன்டூ என்று மார்பில் அட்டை.
நான் என் பக்கத்தில்
காய்ந்த கிளையை வெட்டுகிறவன்போல்
கத்தரியைத் திறந்து திறந்து மூடினேன்.
அவன் டாலியாவின் அடியில் மண்டியிட்டான்.
ஒரு பிடி ஈர மண்ணை அள்ளி
மூக்கருகே கொண்டுபோனான்.
"சோப்பு," என்றான்.
சிரிப்பை அடக்க முடியவில்லை அவனால்.

அவள் கூட்டிப்போய்க் காட்டினாள்.
வேலி தாழ்வு, எனக்கும் தெரிந்தது:
சமையலறை ஜன்னல் வழியாக
வாஷிங் மெஷினின் சாம்பல் நிறக் குழாய்,
அது வந்து இறங்கும் பழைய ஆலிவ் பீப்பாய்,
பீப்பாயின் வாயில் இழுத்துக் கட்டிய காலுறை,
நூலும் பஞ்சும் எப்போதாவது ஒரு பொத்தானும் தங்க.
முதல் தண்ணீர் கழிப்பறைக்கு.
குழந்தையின் துணி தனி, அது சாக்கடைக்கு.
இரண்டாம் அலசல் மட்டும் பூவுக்கு.
மறுநாள் வரை வைத்தால் நாறும்,
அதனால் அன்றைக்கே.
ரொட்டி ஆலையில் அவள் ஷிப்ட் முடிய
ராத்திரி பதினொன்று ஆகும்.
நான் அவளை அலசிக்கொண்டிருந்த நேரமெல்லாம்
அவள்
மாவு படிந்த அங்கியை அலசிக்கொண்டிருந்திருக்கிறாள்.

லுன்டூ நோட்டில் எதையோ எழுதினான்.
வீட்டில் காட்டவேண்டும் என்று
பீப்பாயைப் படம் பிடித்துக்கொண்டான்.
கிளம்பும்போது வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தான்.
"ஐயா, உங்கள் முற்றத்துக் குழாய் சொட்டுகிறது."

சொட்டிக்கொண்டுதான் இருந்தது.
எத்தனை நாளாகவோ.

வாஷர் மாற்றினேன்.
ஒரு வாரம் அவள் கண்ணில் படாமல் நடந்தேன்.
பிறகு என் சட்டைகளைத் துவைத்த தண்ணீரை
ஒரு வாளியில் தூக்கிக்கொண்டு போனேன்.
யார் போன் செய்தது என்று அவள் கேட்கவில்லை.
குனிந்து முகர்ந்தாள்.
"பிளீச்."
வாளியை என் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

அடுத்த வாளி நீலமாய் இருந்தது.
"இதில் உப்பு அதிகம், இலை நுனி கருகும்."

அறுபத்தெட்டு வயதில்
கடையில் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு
சோப்புத்தூள் டப்பாவின் முதுகைப் படித்தேன்.
பின்னால் வரிசை நின்றது. நிற்கட்டும்.

மூன்றாம் வாளியில் விரலை நனைத்து
கட்டைவிரலோடு தேய்த்துப் பார்த்தாள்.
டாலியா பக்கம் போகவில்லை.
கேட்டோரம் உயிரா, கட்டையா என்று
கிடந்த ஜெரேனியத்துக்கு ஊற்றினாள்.
"இது பிழைக்கட்டும், அப்புறம் பார்க்கலாம்."

அன்று செவ்வாய்.
வெள்ளி வரைக்கும்
நாளுக்கு மூன்று தடவை
அவள் கேட்டைத் தாண்டி நடந்தேன்,
தபால் பெட்டியைப் பார்க்கிற சாக்கில்.
எனக்குக் கடிதம் போட
யாரும் இல்லை என்பது
தெருவுக்கே தெரியும்.