துளைத்துப் பார்த்தல்

அதிகாலை மூன்று மணிக்கு என் தோள் அலறுகிறது.
மூன்று புள்ளி ஒன்று. அம்பு கீழ்நோக்கி.
விளக்கைக்கூடப் போடாமல் தாய்ஸ்தோ ஓடுகிறார்.
பெர்ரிச் சாறோடு திரும்பும்போது
ஒரு கால் செருப்பைக் காணோம்.
குடி, குடி என்கிறார்.
குடித்துவிட்டுத்தான் விரலைக் குத்துகிறேன்:
ஆறு புள்ளி எட்டு.

இடது பக்கம் சாய்ந்து படுத்திருக்கிறேன், அவ்வளவுதான்.
என் எடையே சென்சாரை நசுக்க,
தோலடி நீரில் சர்க்கரை வற்றிவிட்டதென்று
அது நினைத்துக்கொண்டது.
பொய் என்று சொல்ல மாட்டேன்.
அது இருந்த இடத்தில் அதுதான் நிலவரம்.
விடியும்போது பதின்மூன்று.
தாய்ஸ்தோ முகம் கொடுத்துப் பேசவில்லை.
கோபம் அவர் மேலேயேதான்.

என் வேலை ஊலுவுக்கு மேற்கே,
கடல் உறைந்தபின் தீவுக்குப் போகும் பாதையில்.
சறுக்குவண்டியில் ரேடாரை இழுத்துப் போனால்
காலுக்கடியில் எத்தனை சென்டிமீட்டர் என்று
திரையில் ஒரு கோடு ஓடிக்கொண்டே இருக்கும்.
நல்ல கோடு. நடக்கிற தூரமெல்லாம் பேச்சுத்துணை.
இருந்தாலும் அவ்வப்போது நின்று
துளைப்பானை இறக்குகிறோம்.
இன்று ரேடார் சொன்னது நாற்பத்திரண்டு.
துளைக்குள் விட்ட கோல் சொன்னது முப்பத்தாறு.
நடுவில் ஈரப்பனி ஓர் அடுக்கு,
ரேடாரைக் கொஞ்சம் குழப்பியிருக்கிறது.
ஆறு சென்டிமீட்டர்தான்.
ஒரு பால் லாரி மூழ்க அது போதும்.

அடுத்த துளையில் உதடு மரத்தது.
குளிர் என்று நினைத்தேன்.
கோல் கையிலிருந்து நழுவியது.
போனில் ஐந்து புள்ளி நான்கு, அம்பு லேசாகச் சாய்ந்து.
ஓஸ்மோ எட்டிப் பார்த்து,
"நல்லாத்தானே இருக்கு" என்றான்.
நல்லாத்தான் இருந்தது,
பத்து நிமிஷத்துக்கு முன்னால்.
ரத்தத்தில் நடந்த சேதி தோலடிக்கு வந்து சேர
அவ்வளவு நேரமாகும்.
துளைப்பானோடு மல்லுக்கட்டும் உடம்பில்
சர்க்கரை படியிறங்குவதில்லை, குதிக்கிறது.

ஒரு மாத்திரையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு
கையுறையைக் கழற்றினேன். மைனஸ் பத்தொன்பது.
குத்தினேன், ரத்தம் வரவில்லை.
மீட்டரும் இந்தக் குளிரில் முடியாது என்றது.
விரலை அக்குளிலும் மீட்டரைச் சட்டைக்குள்ளும் வைத்து
கடல் நடுவே அடைகாத்தேன்.
ஓஸ்மோ கண்ணியமாகத் தீவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
இரண்டு புள்ளி ஒன்பது.

மேலும் நான்கு மாத்திரை, சுண்ணாம்பைக் கடித்த மாதிரி.
இனிமேல்தான் கஷ்டம்.
நான் ஏறுகிறேன், அது இறங்குகிறது.
நான்கு ஒன்று. மூன்று ஆறு. மூன்று இரண்டு.
தின்னு, இன்னும் தின்னு என்று தோள் கத்துகிறது.
ரேடார் பெட்டிமேல் உட்கார்ந்து
கால் மணி நேரம் எதையும் வாயில் போடாமலிருப்பது,
அதைவிடக் கடினமான வேலையை
சம்பளம் கொடுத்து யாரும் எனக்குச் சொன்னதில்லை.

அதற்காகக் கழற்றி எறியச் சொல்லாதீர்கள்.
இது வருவதற்கு முந்தைய இருபத்தாறு வருஷம்
ஒவ்வொரு ராத்திரியும்
யாரும் அளக்காத பனிமேல்தான் படுத்துத் தூங்கினேன்.

சாலைத்துறைப் படிவத்தில் தடிமனுக்கு ஒரே கட்டம்.
முப்பத்தாறு என்று எழுதினேன்.
நாளை பால் லாரி வராது.
தீவுக்காரர்கள் ஓஸ்மோவைத் திட்டுவார்கள்,
என்னைத் திட்டப் பயம்.

கதவைத் திறந்ததும் தாய்ஸ்தோ, "எவ்வளவு?"
"எது?" என்றேன்.
பதில் சொல்லாமல் சூப்பைக் கிளறப் போனார்.
படுக்கையில் என் இடது பக்கம்
நான் புரண்டுவிடாதபடி
சுருட்டிய போர்வையொன்றை முட்டுக்கொடுத்து வைத்திருக்கிறார்.