எங்கட

பீல் நகரத் தெருப்பலகைகள் இரண்டு மொழி பேசும்.
மேலே ஜெர்மன், கீழே பிரெஞ்சு,
இரண்டையும் சுவரில் பிடித்திருப்பது ஒரே திருகாணி.
ரயில் நிலையத்துக்குப் பின்னால்
மூடிப்போன கடிகாரப் பட்டறையின் நிலவறையில்
சனிக்கிழமைகளில் அட்டைப் போட்டி.
கறுப்புச் சட்டை போட்டிருப்பவள் நடுவர்.
அது நான்.
சீட்டாட்டத்துக்கு நடுவர் என்று அம்மாவிடம் ஒருமுறை சொன்னேன்.
அவளுக்குச் சீட்டென்றால் மாதச்சீட்டு.
"இந்த மாதம் ஆர் எடுத்தது?" என்றாள்.

நாலாம் சுற்று. ஏழாம் மேசையில் ஒரு கை உயர்ந்தது.
லிவியோ. பேக்கரியில் விடிய மூன்று மணிக்கு எழும்புகிறவன்,
நக இடுக்கில் இன்னும் மா.
எதிரே மயேல். பல் வைத்தியரின் உதவியாள்,
அட்டைகளைக் கருவித்தட்டுப் போல அடுக்கியிருந்தாள்.
நடுவில் அவன் வைத்த 'பனிக்கால ஓடக்காரன்'.
அதன் அடியில் ஒரே வரி:

வீழ்ந்த நம்மவர் கைக்குத் திரும்புவர்.

பிழை.
நம்மவர் என்று எழுதியதுமே தீர்ப்பு எழுதியாயிற்று.
அழிக்கிறேன்.
ஜெர்மன் அட்டையில் இருப்பது 'உன்சரே'.
பிரெஞ்சு அட்டையில் 'நோ'.
வயிற்றுநோ, பல்நோவின் நோ அல்ல,
ஆனாலும் அழுத்தினால் வலிக்கிறது:
யாருடைய?

லிவியோவின் இடுகாட்டில் இரண்டு பேர்.
மயேலின் இடுகாட்டில் ஒன்பது.
"வைத்தது நான். வருவது என் ஆட்கள்."
"மேசைக்கு நாம் இரண்டு பேர். ஓடமோ ஒன்று."
மீண்டும் பிழை. அவள் நாம் என்று சொல்லவில்லை,
அவளிடம் அந்தச் சொல் இல்லை.
சுவரில் பதினொரு நிமிடம் மிச்சம்.

உள்ளுக்குள் எனக்கொரு சின்னக் கர்வம்.
தமிழ்ப்பள்ளி, ஐந்தாம் வகுப்பு, இரண்டு புள்ளிக் கேள்வி:
கேட்பவரையும் சேர்த்தால் நாம்,
தள்ளி நிறுத்தினால் நாங்கள்.
உளப்பாட்டுப் பன்மை என்று எழுதி
கையெழுத்துக்கு அரைப்புள்ளி இழந்தவள் நான்.
இந்த அட்டை தமிழில் அச்சாகியிருந்தால்
இந்நேரம் காப்பி குடித்துக்கொண்டிருப்பேன்.

அப்படியா?

எங்கள் வீட்டில் நாம் என்று எவரும் சொல்லி நான் கேட்டதில்லை.
நாம் விழா மேடையில் இருக்கும்,
ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு.
அம்மா "வா, நாங்கள் போவம்" என்பாள்,
என்னையும் சேர்த்து, சப்பாத்தைக் காலால் தள்ளிவிட்டபடி.
"எங்கட பஸ் வருது" என்பாள்.
நான் கண்டேயிராத ஒரு வீட்டை,
அதன் கிணற்றை, கிணற்றில் விழுந்த வாளியை
அதையும் எங்கட என்பாள்.
அந்த எங்கடவுக்குள் நான் இருக்கிறேனா?
இருபத்தொன்பது வருடத்தில்
நடுவரைக் கூப்பிட ஒருநாளும் என் கை உயர்ந்ததில்லை.

விதிநூலைப் புரட்டினேன்.
ஐயம் வந்தால் அட்டை
அதை வைத்த கையின் குரலில் பேசும்.
சொன்னேன், இரண்டு மொழியிலும்,
எது முதலில் என்று எவரும் கோபிக்காத வேகத்தில்.

இரண்டு பேர் திரும்பினார்கள்.
ஒன்பது பேர் கிடந்தார்கள்.
மயேல் நாலு நிமிடத்தில் தோற்றாள், கை கொடுத்தாள்,
பிறகு ஒன்பது பேரையும் ஒவ்வொருவராக எடுத்து
முனை மடங்காமல் பெட்டிக்குள் படுக்க வைத்தாள்.
தலைமை நடுவர் ஹூபாக்கர் என் தாளில் ஒப்பமிட்டார்.
"எழுதினவனுக்கே தெரிந்திருக்காது," என்றார்,
பேனா மூடியைத் தேடிக்கொண்டே.

பத்தரை மணி. ஏரியிலிருந்து மூடுபனி
படிக்கட்டு வரை ஏறிவந்திருந்தது.
விளக்கணைத்து வெளியே வந்து கதவை இழுத்தேன்.
லிவியோவும் மயேலும் தெருவிளக்கின் கீழ்
ஒரு பொட்டலம் வறுத்த கச்சானை
வென்றவர் தோற்றவர் பாராமல் தின்றுகொண்டிருந்தார்கள்.

"போவமா?" என்றான் லிவியோ, அவன் ஊர் ஜெர்மனில்.

யார் யார் என்று சொல்லவில்லை.
சாவியைப் பூட்டில் விட்டேன்,
திருப்பாமல் நிற்கிறேன்,
முதுகையே காதாக்கி,
காலடிகள் நகர்கின்றனவா என்று.

இன்னும் இல்லை.