நூற்றைந்து

மோட்டார் சுற்றும் பட்டறையில்
எண் ஏற ஏறக் கம்பி மெலியும்.
நூறடி ரோட்டு இசைக்கருவிக் கடையில் அது தலைகீழ்:
நாற்பத்தைந்து மெல்லிசு,
நூற்றைந்து கோணியூசித் தடிமன்.

கைப்பையிலிருந்து மைக்ரோமீட்டரை எடுத்ததும்
கடைப் பையன் அஷ்வக் சிரித்துவிட்டான்.
'அக்கா, இதைக் காதாலதான் அளக்கணும்.'
இரண்டு புள்ளி ஆறு ஏழு மில்லி என்றேன்.
காதுக்கு அப்புறம் வருகிறேன் தம்பி,
பதினாறு வருடமாக
விரல்தான் எனக்கு முன்னால் போகிறது.

பேஸ் கித்தார் பழசு.
ஹாஸ்டலைக் காலி செய்த ஒருவன்
பாதி விலைக்குத் தள்ளிவிட்டுப் போனது.
அண்டா வயிறு, நான்கே கம்பி,
நான்கிலும் துரு.
ஸ்பீக்கர் இல்லாமல் வாசித்தால்
பக்கத்து அறைக்கே கேட்காது என்றார்கள்.
சொன்னவர்கள் லைன் வீட்டில் குடியிருந்ததில்லை.

முதலில் வாங்கியது பாஸ்பர் வெண்கலம்.
செம்பின் நிறம்; நான் வேறெதை நம்புவேன்.
பாத்திரக்கடை போல மினுங்கியது ஓசை.
ஒவ்வொரு முறை கை நகரும்போதும்
சுற்று வரிகளில் விரல் உரசி ஒரு கீச்.
பாட்டைவிடக் கீச்சு அதிகம்.
மூன்றாம் நாள் சுவர் தட்டியது.
இரண்டு தட்டு, ஒரு இடைவெளி, ஒரு தட்டு.
வெள்ளிங்கிரி அண்ணனுக்கு மில்லில் பன்னிரண்டு மணி ஷிப்ட்.
என் சாயங்காலம் அவருடைய நடுச்சாமம்.

மறுபடி கடை.
அஷ்வக் ஒரு பொட்டலத்தைப் பிரித்தான்:
உருக்கின் மேல் சுற்று,
சுற்றின் மேல் கறுப்பு நைலான் நாடா.
தொட்டதும் தெரிந்துவிட்டது.
இது சப்மெர்சிபிள் வயரின் பங்காளி.
உடம்பெல்லாம் பிளாஸ்டிக் போர்த்திக்கொண்டு
அன்னூர்ப் பக்கம் ஆயிரத்து இருநூறு அடியில்
தண்ணீருக்குள்ளேயே கிடந்து உழைக்குமே,
அதன் வழவழப்பு.
'மினுங்காதுக்கா. இழுவையும் கம்மி.
விலை மட்டும் டபுள்.'
நாலு மோட்டார் ஓவர்டைம்,
கணக்குப் போட்டுக்கொண்டே பணத்தை எண்ணினேன்.

கழுத்து முனையில் பள்ளம் பத்தவில்லை.
ஊசி அரத்தால் ஓரிழுப்பு,
ஊதி, கம்பியை வைத்துப் பார்த்து,
மறுபடி ஓரிழுப்பு.
கொஞ்சம் ஆழமாகிப்போனால் காலத்துக்கும் அரற்றும்.
முறுக்காணிகளில் மும்மூன்று சுற்று,
ஒன்றை ஒன்று மிதிக்காமல்.
அதில் மட்டும் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பிறகு தடித்ததைத் தொட்டேன்.
கேட்டது என்று சொல்ல முடியாது.
விலாவில் வந்து உட்கார்ந்தது.
சமையல் மேடையில் டம்ளர் ஒன்று
தட்டோடு ஏதோ பேசியது.

சுவர் தட்டவில்லை.
நான்கு நாள், ஐந்து நாள், இல்லை.
தட்டியபோதுகூட இவ்வளவு யோசித்ததில்லை.
ஊருக்குப் போய்விட்டாரா,
கோபம் தட்டுவதைத் தாண்டிவிட்டதா?

ஞாயிறு, மில்லுக்கு லீவு.
சிறுவாணித் தண்ணீர் விட்டபோது
குடத்தோடு எனக்கு முன்னால் நின்றார்.
'ஏனுங் திலகா, நேத்து அதைத் தொடவே இல்லீங்களே?'
செம்பு கிழித்த விரலைக் காட்டினேன்.
'மொதல்ல இருந்தது எலி கத்துறாப்புலீங்க.
இது எங்க ஸ்பின்னிங் ஹாலுக்கு
வெளிய நிக்கிறாப்புல இருக்குது.
மெஷின் சத்தம் இல்லாத நாள்ல
எனக்கெல்லாம் எங்கீங்க ஒறக்கம்.'
குடம் நிறைந்தது. தோளில் ஏற்றியவர்
நாலு எட்டு போய்த் திரும்பினார்:
'அந்தத் தடிக் கம்பி மட்டும் போதுங்க.'

மற்ற மூன்றுக்கும் பணம் கொடுத்தவள் நான்.
இருந்தாலும் அன்றிரவு
பிளாஸ்டர் ஒட்டிய விரலால்
அந்த ஒன்றையே, அழுத்தாமல், திறந்தபடி.
கொஞ்ச நேரத்தில் சுவருக்கு அப்பால்
குறட்டை கிளம்பியது,
என் தாளத்துக்கு அரை அடி பின்னால்.
நான்தான் மெதுவாக்கிக்கொண்டேன்.