மூன்றாவது எழுத்து

ஞாயிறு விடிகாலை ஐந்தே முக்காலுக்கு
குளத்துக் கரையில் ஸ்கூட்டியை நிறுத்தினால்
பாலக்காட்டுக் கணவாய்க் காற்று
ஒரு காதில் நுழைந்து மறுகாதில் நூல் இழுக்கிறது.

முதலில் தண்ணீரின் நிறத்தை எழுத வேண்டும்.
எங்கள் நோட்டில் அதற்கென்றே ஒரு கட்டம்.
போன வாரம் மயில்நீலம்,
யாருக்கோ பெரிய ஆர்டர் முடிந்திருக்கிறது.
இன்றைக்குத் தண்ணீர் நிறம்.
அதையும் அர்த்தனாரி அண்ணன்
இரண்டு தடவை குனிந்து பார்த்துத்தான் எழுதினார்.

ஆறு நாளும் செக்கிங் மேஜையில் நிற்கிறவள் நான்.
பனியனைப் புரட்டுவேன்: விட்டுப்போன தையல்,
எண்ணெய்ச் சொட்டு, கடுகளவு கறுப்பு.
சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளிவைப்பேன்.
எண்ணிக்கை எனக்கு டஜனில்தான் வரும்.
ஊசிவால் வாத்து நாலு டஜன், மூணு பீஸ்
என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்தேன் ஒருநாள்.
அண்ணன் சிரிக்கவில்லை.
ஐம்பத்தொன்று என்று எழுதிக்கொண்டார்.

"ஒறம்பரைங்க எறங்கிட்டாங்க, பாரு."
வடகரைச் சேற்றில் கொசு உள்ளான்கள்,
ஓவர்லாக் ஊசிபோலக் குத்திக் குத்தி
ஓரம் அடித்துக்கொண்டே போகின்றன.
ஒன்றின் எடை இருபத்தைந்து கிராம் இருக்குமாம்.
பச்சைப்பிள்ளை பனியன் அதைவிடக் கனம்.

அதில் ஒன்றின் காலில் கொடி.

ஸ்கோப்பில் கண்ணை வைத்தேன்.
ஏ. அடுத்தது ஏழு. மூன்றாவது எழுத்தின்மேல்
சேறு.
அடிப்பக்கம் வளைவா, கூரா?
யூவா, வீயா?
காலைத் தூக்கு தாயி, ஒரே ஒரு தடவை.

அண்ணன் கோடியக்கரைக்குப் போன் போட்டார்.
அங்கே முனையில் வலைகட்டிக் காத்திருக்கும் வேதையன்
காற்றுக்கு மேலே கத்திப் பேசினார்,
கடல் அவருக்குப் பின்னால் லாரி மாதிரி ஓடியது.
(கடலை நான் ஒருமுறைதான் பார்த்திருக்கிறேன்,
திருச்செந்தூரில், கூட்டத்தின் முதுகுகளுக்கு இடையில்.)

யூ என்றால் போன தையில் கட்டியது.
வீ என்றால் ஒன்பது வருஷமாச்சு,
"அது உசுரோட இருந்தா எனக்கு உடனே சொல்லுங்க."

ஒன்பது வருஷம்.
போக ஒருதரம், வர ஒருதரம்,
பனிமலைகளைத் தாண்டி
பதினெட்டு தடவை. ஒன்றரை டஜன்.
எனக்கு அது வீயாக இருக்க வேண்டும்.

"வீ மாதிரித்தான் தெரியுது," என்றார் அண்ணன்,
தன் முறைக்கு ஸ்கோப்பில் குனிந்து.
அந்த "மாதிரி"யை நான் அறிவேன்.
கன்டெய்னர் கிளம்புகிற ராத்திரி
சூப்பர்வைசர் அதே குரலில்தான் சொல்வார்:
பாஸ் பண்ணு, யாருக்குத் தெரியப் போகுது.

ஏழு மணி வரை கண்ணை எடுக்கவில்லை.
ஒருதரம் தூக்கியது,
வெயில் கொடியில் பட்டுக் கண் கூசியது.
பிறகு ஆள்காட்டி ஒன்று எதையோ பார்த்துக் கத்த
மொத்தச் சேறும் எழுந்தது,
வெள்ளை, பழுப்பு, வெள்ளை என்று புரண்டது,
கருவேலங்காட்டுக்கு மேலே கரைந்தது.

எழுதினேன்: ஏ, ஏழு, தெரியவில்லை.

"அப்ப அது கணக்குல வராதுங்க," என்றார் வேதையன்.
குரலில் கோபமில்லை.
"சரிங்க," என்றேன்.
இருவரும் கொஞ்ச நேரம் வைக்காமலே இருந்தோம்,
கடல் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

திங்கள்கிழமை வெள்ளைப் பனியன் ஒன்றின் கழுத்தில்
கறுப்பாகப் புள்ளி. பஞ்சுத்துகளோ என்று ஊதினேன்.
போகவில்லை.
ஸ்டிக்கரை ஒட்டும்முன்
ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேனாம்,
பக்கத்து மேஜை சுகந்தாமணி சொன்னாள்.

அடுத்த ஞாயிறு
மேலே எங்கோ மழை பெய்திருந்தது.
வடகரைச் சேறு முழங்கால் தண்ணீருக்கடியில்.
கொசு உள்ளான்: சைபர்.
நிறம்: வெளிர் ரோஸ்.